கிட்டங்கிக் காற்று

பரளச்சியைத் தாண்டித் தெற்கே திரும்பியதுமே சூளையின் புகைபோக்கி அனுசியாவுக்குத் தெரிந்துவிட்டது. புகை இல்லை. புகை இல்லாததுதான் அந்தச் சூளையின் பெருமை. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம். அதை வெட்டி, இரும்பு உலைக்குள் காற்றுப்படாமல் கரியாக்கி, பொடித்து மானாவாரி நிலத்தில் கலந்துவிட்டால், மரத்தில் இருந்த கரிமம் வானத்துக்குப் போகாமல் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கடல் கடந்த நாட்டுக் கம்பெனி ஒன்று, தான் விடுகிற புகைக்கு ஈடாக இதற்குப் பணம் கொடுக்கிறது.

கரியை அளக்க வேறு ஆட்கள் உண்டு. அந்தக் கரியால் ஊருக்கு என்ன நன்மை விளைந்தது என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அனுசியாவின் வேலை. பெண்களுக்கு வேலை கிடைத்ததா, தண்ணீர் மிச்சமானதா, மண் தேறியதா, ஊராரின் உடம்பு நன்றாக இருக்கிறதா. மதிப்பெண் கூடினால் வாங்குகிறவர்கள் கூடுவார்கள். இன்னோர் உலை வரும். அலுவலகம் சென்னையில் இருந்தாலும் அவளுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அதனால் இந்தப் பக்கத்து வேலை வந்தால் அவள் தலையில்தான் விழும்.

கேட்டருகில் ஜெகதீஸ்வரன் காத்திருந்தார். உள்ளூர்க்காரர். அவருடைய அப்பா பருத்தி போட்ட நிலமெல்லாம் கருவேலங்காடாகிவிட, வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, நாலு பேரைக் கூட்டுச் சேர்த்துச் சூளையைத் தொடங்கியவர். அவருக்கு அதில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை இருந்தது.

"போன வருசம் உங்க ஆபீசுல இருந்து வந்தவுக ரெண்டு கொற சொன்னாக மேடம்," என்றார் நடந்துகொண்டே. "கரித்தூசி ஊருக்குள்ள பறக்குதுன்னாக. அந்தா பாருங்க, கிட்டங்கியச் சுத்தி அடைச்சாச்சு. ஒரு பொட்டுத் தூசி வெளிய வராது. சூடான கரியில தண்ணி ஊத்தி ஆத்துறீக, வறண்ட பூமியில இவ்வளவு தண்ணியான்னு கேட்டாக. அதையும் விட்டாச்சு. டிரம்முல மூடி வச்சு, ஓரளவு ஆறுனதும் மூட்டையில அள்ளி அடுக்கிர்றது. இப்ப டேங்கர் லாரியே உள்ள வாரதில்ல."

கரி மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி புதிதாகப் பளபளத்தது. நாலு பக்கமும் தகரச் சுவர், தகரக் கூரை, மடிப்புகளில் எல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லை. முன்பக்கம் ஒரே ஒரு ஷட்டர். ஷட்டருக்கு மேலே எலுமிச்சம்பழமும் வேப்பங்கொத்தும் தொங்கின. பழம் வாடவில்லை. அன்றைக்கோ முந்தினநாளோ கட்டியது.

"இது என்ன?"

ஜெகதீஸ்வரன் சிரித்தார். "இவுக நம்பிக்க. நான் எதுக்குத் தடுக்கணும்?"

பெண்கள் எடைமேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். எல்லாருடைய கைகளும் முழங்கை வரை கறுத்திருந்தன. முத்துத்தாய்தான் அவர்களுக்கு மேஸ்திரி. நாற்பதைத் தாண்டியவள், கணீரென்ற குரல்.

"முன்ன எங்க வேலைக்குப் போனீக?" என்று அனுசியா கேட்டாள்.

"எங்க போகல? தீப்பெட்டி ஆபீசு, மில்லு, கேரளாவுக்குக் கொத்து வேல. பிள்ளைக மொகத்தப் பாத்தே மாசக்கணக்காகும். இப்ப அடுப்புல ஒல கொதிக்குதான்னு ஓடிப்போயிப் பாத்துட்டு ஓடியாந்துரலாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். யாரோ சொல்லிக்கொடுத்த பதில் இல்லை அது. அனுசியாவுக்கு மனசு நிறைந்தது. இந்த வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில், நன்மை என்று காகிதத்தில் எழுதியிருப்பதை ஒருத்தி வாயால் கேட்பது அபூர்வம்.

"ஒடம்புக்கு எதுவும் கோளாறு உண்டா?"

சிரிப்பு நின்றது. இருளாண்டி என்கிற காவல்காரரின் மகள் முருகலட்சுமி, கூட்டத்திலேயே சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கிட்டங்கியில அடுக்குற அன்னைக்கு மட்டும் தல வலிக்கும். வாந்தி வார மாதிரி இருக்கும்."

"வெயிலு அடிச்சா எல்லாத்துக்குந்தான் தல வலிக்கும்," என்றாள் முத்துத்தாய் வெடுக்கென்று.

"எல்லாரும் வந்தாச்சா? யாராச்சும் விட்டுப்போச்சா?"

முத்துத்தாய் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர்கள் கலைந்து போனபிறகு முருகலட்சுமி மட்டும் பின்தங்கி, "குருவம்மாக்கா வரல மேடம்," என்றாள். "காலனியில கடைசி வீடு. அதுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சு. முன்னாடி ஒரு ஆட்டுக்குட்டி உள்ள போயி மாட்டிக்கிட்டுச் செத்துக் கெடந்துச்சு. கடியும் இல்ல, காயமும் இல்ல. அதுக்கப்பறந்தான் அப்பா பழம் கட்ட ஆரம்பிச்சாரு."

குருவம்மாளின் வீட்டில் அவள் புருஷன் மொக்கையன்தான் பேசினார். மனைவி சுவரில் சாய்ந்து, வாசல் வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மூட்டைய அடுக்கப் போனவ வரக்காணமேன்னு தேடிப் போயிருக்காக. உள்ள தள்ளி, மூட்டை இடுக்குல கெடந்திருக்கா. மொகம் செவசெவன்னு, மஞ்சக் குங்குமம் பூசுன மாதிரி. தூக்கியாந்து தண்ணி தெளிச்சதும் முழிச்சுக்கிட்டா. அந்த எடத்துல முந்தி ஒரு கெணறு இருந்துச்சும்மா. அதத் தூத்துட்டுத்தான் கிட்டங்கி கட்டுனாக. கெணத்துல விழுந்தவ ஒருத்தி காவு கேக்குறான்னு குறி பாத்த கோடாங்கி சொல்லிட்டாரு."

அனுசியா குருவம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உள்ள என்னக்கா ஆச்சு?"

"ஒன்னும் ஆகல." குருவம்மாள் மெல்லச் சிரித்தாள். "தூக்கம் வந்துச்சு. அப்படி ஒரு தூக்கம் தாயி. வலியில்ல, பயமில்ல. அங்கனயே கெடந்திருக்கலாம்." பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள், "ஏங்க, நம்ம மக பேரு என்ன?"

மொக்கையன் பெயரைச் சொன்னார். அனுசியாவிடம் குரலைத் தாழ்த்தி, "இப்படித்தாம்மா கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார்.

திரும்பி வந்ததும் அனுசியா கிட்டங்கியைத் திறக்கச் சொன்னாள். இருளாண்டி ஷட்டரைத் தூக்கினார். வாடிய பழம்போலக் கறுத்துச் சுருங்கிய ஒரு தவிட்டுக்குருவி வாசலோரத்தில் செத்துக் கிடந்தது. அவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டார், அவளைப் பார்க்கவில்லை. உள்ளே மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. நெடி ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பு மட்டும், மாட்டின் வயிற்றில் கை வைத்ததுபோல. ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஆறவில்லை.

சந்துக்குள் கொஞ்ச தூரம் போனாள். பின்னால் ஜெகதீஸ்வரன் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் குரல் தூரத்தில் இருந்து வருவதுபோல ஆனது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டை விரலால் அழுத்துவதுபோல இருந்தது. ஒரு மூட்டைமேல் சற்று உட்காரலாமே என்று தோன்றியது. தோன்றிய அந்த நொடியில் குருவம்மாளின் சிரிப்பு ஞாபகம் வர, சட்டென்று திரும்பி நடந்தாள். வெளியே வந்து தகரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

"வெயிலுக்குப் பழக்கமில்ல மேடம். ஏப்பா, ஒரு கலரு சோடா வாங்கிட்டு வாங்கப்பா," என்று ஜெகதீஸ்வரன் பதறினார்.

காருக்குள் உட்கார்ந்து, அலுவலகத்தில் உலைகளைச் சோதிக்கிற பாண்டிராஜுக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"தண்ணி ஊத்தாம ஆறவிட்ட புதுக்கரி, அடைச்ச எடம்," என்றான் பிறகு. "அனு, புதுக்கரி சுத்தியிருக்கற காத்துல உள்ள ஆக்சிஜன உறிஞ்சிரும். கார்பன் மோனாக்சைடு விடும். அதுக்கு வாசமே இருக்காது. தலவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான். யாரையும் உள்ள விடாத. யாராச்சும் உள்ள விழுந்துட்டா, தூக்குறேன்னு பின்னாடியே போகாத. அப்படிப் போறவன்தான் மொதல்ல சாவான்."

அவள் ஜெகதீஸ்வரனிடம் அப்படியே சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. கேட்காத ஆள் இல்லை அவர்.

"அவுக பேய்ங்கிறாக, நீங்க வாயுங்கிறீக. எதுவோ ஒன்னு இருக்கு, சரி. நாளைக்கு லோடு ஏத்த லாரி வருது மேடம். கிட்டங்கி காலியானதும் நாலு பக்கமும் தகரத்த வெட்டி ஜன்னல் வச்சிருவோம். அதுவரைக்கும் ஷட்டரு ஏத்துனது ஏத்துனபடி கெடக்கும். போதுமா?"

"இன்னைக்கே பின் தகரத்தப் பிரிச்சிருங்களேன்."

"பிரிச்சா தூசி ஊருக்குள்ள போகும். மழையும் வாரமாதிரி இருக்கு. கரி நனைஞ்சா லோடே தேறாது. ஒரே ஒரு நாளு மேடம்."

அனுசியா அரைமனதோடு ஒத்துக்கொண்டாள். ஷட்டரை இறக்கக்கூடாதென்று அவர் இருளாண்டியைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே கண்டிப்பாகச் சொன்னார். அனுசியா பெண்களிடமும் போய்ச் சொன்னாள். முத்துத்தாய் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"தொறந்து வச்சா அந்தக் காத்து போயிருமா தாயி?"

"வாசப்பக்கம் போகும். பின்பக்கம் அப்படியே நிக்கும். ரொம்ப உள்ள போகாதீக. அடிக்கடி வெளிய வந்துருங்க."

"சரி," என்றாள் முத்துத்தாய். நம்பினாளா, வந்த விருந்தாளியின் மனம் நோகக்கூடாதென்று சொன்னாளா, தெரியவில்லை.

அன்றைக்கு அருப்புக்கோட்டையில் அம்மா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மதியம் அனுசியா மறுபடி கிளம்பினாள். வானம் தெற்கே கறுத்துக் கிடந்தது. புரட்டாசி முழுக்க ஏமாற்றிய மழை. மண்ணின் வாசம் முன்னால் வந்தது. பின்னாலேயே காற்றும், பெரிய பெரிய துளிகளும். சாலையோரத்தில் ஆடு மேய்த்த இரண்டு பெண்கள் நனைந்துகொண்டே சிரித்தார்கள். கார் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்தபோது அனுசியாவுக்குத் திறந்து கிடக்கும் ஷட்டர் ஞாபகம் வந்தது. வேகமாகப் போகச் சொன்னாள்.

லாரி பாதி லோடோடு தார்ப்பாய் மூடி நின்றது. டிரைவர் மேலே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரன் ஏதோ வேலையாகத் திருச்சுழிக்குப் போயிருந்தார். பெண்களில் பலர் பந்தலுக்குக் கீழே ஒண்டியிருந்தார்கள். கிட்டங்கியின் ஷட்டர் தரைவரை இறங்கிக் கிடந்தது.

"யாரு எறக்குனது?"

"சாரல் உள்ள அடிச்சுச்சு மேடம்," என்றார் இருளாண்டி. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "மூட்டை நனையுதுன்னு உள்ள இருந்தே முத்துத்தாயி சத்தங் குடுத்துச்சு. மழ விட்டதும் தூக்கிருவோம்னு..."

"உள்ள யாரு இருக்கா?"

"முத்துத்தாயி. அனந்தி. அப்பறம் எம் மக."

அனுசியா ஓடினாள். இருவருமாக ஷட்டரைத் தூக்கினார்கள். வெளிச்சம் சந்துக்குள் விழுந்தது. வாசலுக்குப் பக்கத்திலேயே முருகலட்சுமி மூட்டையில் தலை சாய்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தியின் கால் தெரிந்தது. முத்துத்தாயைக் காணவில்லை. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

இருளாண்டி பாய்ந்தார். அனுசியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதீக! நீங்களும் விழுந்துருவீக!"

"எம் மக கெடக்கா! விடும்மா!"

சட்டை கிழிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு போனவர் மகளின் தோளைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தார். பாதி வழியில் ஒருமுறை வாய் திறந்து காற்றை இழுத்தார். வாசல் விளிம்பை மகளின் தலை தொட்டதும் அவர் மண்டியிட்டார். அனுசியாவும் இரண்டு பெண்களும் வெளியே நின்றபடி கைநீட்டி இருவரையும் மழைக்குள் இழுத்துப் போட்டார்கள்.

"அண்ணே!" என்று அனுசியா டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். "பின்சுவத்துல கயித்தக் கட்டி வண்டிய எடுங்க! தகரத்தப் பிச்சு எறிங்க!"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. லாரியைக் கிட்டங்கிக்குப் பின்னால் கொண்டுபோய், கயிற்றின் கொக்கியைத் தகரத்தின் மடிப்பில் மாட்டி, வண்டியை முன்னால் எடுத்தார். முதல் இழுப்பில் கயிறு வழுக்கியது. அடுத்த இழுப்பில் சுவரே பெயர்ந்து வந்தது. தெற்கத்திக் காற்று மழையோடு கிட்டங்கிக்குள் பாய்ந்து, கரித்தூசி முன்வாசல் வழியாகக் கறுப்பு மேகம்போல வெளியே கொட்டியது. அது அடங்கும்வரை யாரையும் உள்ளே விடாமல் அனுசியா வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் அவளைத் திட்டினார்கள். ஒருத்தி முதுகில் அடித்தாள். அவள் நகரவில்லை.

அனந்திக்கு மூச்சு இருந்தது. முத்துத்தாய் பின்பக்கத்து மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள். சாரல் எட்டாத இடமென்று அங்கே போயிருக்க வேண்டும். முகத்தில் களைப்பே இல்லை. கன்னம் இரண்டும் சிவந்து, சற்று முன்னால்தான் குளித்துவிட்டு வந்து படுத்தவள்போல இருந்தாள். திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு எடுத்துவிட்டார்.

மற்ற மூவரையும் ஆக்சிஜன் வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்கள். இருளாண்டி கண் விழித்ததும் மகளைக் கேட்டார். அவள் பக்கத்துக் கட்டிலில் இருப்பதைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான்தான் எறக்குனேன்," என்றார். யார் என்ன சொன்னாலும் அதையேதான் சொன்னார்.

பிணவறைக்கு வெளியே ஜெகதீஸ்வரன் தரையில் உட்கார்ந்திருந்தார். அனுசியாவைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்தே பிரிச்சிருக்கணும்," என்றார். "ஒரு நாளுன்னு சொன்னேனே மேடம். ஒரு நாளுன்னு."

முத்துத்தாயை எடுத்த மறுநாள் பெண்கள் கூட்டமாக அனுசியாவைத் தேடி அருப்புக்கோட்டைக்கே வந்தார்கள். திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். முதுகில் அடித்தவளும் வந்திருந்தாள். அவள்தான் பேசினாள்.

"சூளைய மூடச் சொல்லிராதீக தாயி. மூடுனா நாங்க மறுபடி கேரளாவுக்குத்தான் போகணும். கிட்டங்கிய என்ன வேணும்னாலும் செய்யச் சொல்லுங்க. வேலைய எடுத்துறாதீக."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள். "காத்துக்குக் காவு குடுத்தாச்சு, இனிமே ஒன்னும் ஆகாதுன்னு கோடாங்கி சொல்றாரு. நீங்க என்ன சொல்றீக?"

"காத்து எத்தன உசுரு குடுத்தாலும் எடுத்துக்கும்க்கா. அதுக்கு வேண்டியது அடைச்ச எடம், அவ்வளவுதான்."



அலுவலகத்தில் மேலதிகாரி மென்மையாகப் பேசினார். விபத்து நடந்தது மதிப்பீட்டுக் காலத்துக்குப் பிறகு, அதனால் தண்ணீர், தூசி இரண்டுக்கும் முழு மதிப்பெண் போடுவதில் தவறில்லை என்றார். அனுசியா போடவில்லை. வேலை கிடைத்தது உண்மை, அதற்கு முழு மதிப்பெண். தண்ணீரை மிச்சம் பிடித்ததும் தூசியை அடைத்ததும் சேர்ந்து ஒருத்தியைக் கொன்றதும் உண்மை. அந்த இரண்டையும் செய்யச் சொன்னது நாம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியது அப்படியே போனது. வாங்குகிறவர்கள் கொஞ்சகாலம் விலகி நின்றார்கள். சூளை மூடிக் கிடந்தது. பிறகு பின்சுவரே இல்லாத கிட்டங்கியோடு, கரியில் தண்ணீர் ஊற்றி ஆற்றிக்கொண்டு, தை மாதத்தில் திறந்தது. முருகலட்சுமி வேலைக்குத் திரும்பவில்லை. குருவம்மாளுக்கு மகள் பெயர் சில நாள் ஞாபகம் இருந்தது, சில நாள் இல்லை.

மாசி மாதம் பாண்டிராஜ் போன் பண்ணினான்.

"நரிக்குடிப் பக்கம் வேறொரு கம்பெனி புதுச் சூளை போட்டிருக்கு அனு. நம்ம ஆளுக இல்ல. போன வருசம் நம்ம ஆபீசு எல்லாருக்கும் ஒரு படம் அனுப்புச்சுல்ல, தூசி வராம கிட்டங்கி கட்டுறது எப்படின்னு? அதப் பாத்து அப்படியே கட்டியிருக்காங்க. பஞ்சு உட்பட."

"ஆபீசுல சொன்னியா?"

"சொன்னேன். நம்மளக் கூப்பிடாத எடத்துக்கு நாம எப்படிப் போறதுங்கறாங்க. கடுதாசி போட்டிருக்காங்களாம்."

அன்றைக்கே விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, மறுநாள் காலையில் நரிக்குடி பஸ்ஸில் ஏறினாள். இறங்கிய இடத்தில் தூக்குச்சட்டியோடு நாலைந்து பெண்கள் ஷேர் ஆட்டோவுக்காக நின்றார்கள். கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. தார்ச்சாலைக்கு அப்பால், கருவேல மரங்களுக்கு மேலே, ஒரு புதிய தகரக் கூரை வெயிலில் மின்னியது.

அனுசியா அவர்களிடம் போய்த் தன் பெயரைச் சொன்னாள். முத்துத்தாயின் பெயரையும் சொன்னாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தபோது ஆட்டோ வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

"நேத்து எங்க கூட வேல பாத்த சங்கரம்மாளு தல வலின்னு பாதியில போயிருச்சு," என்றாள் மூத்தவள் மெல்ல. "இன்னைக்கு மொத ஆளா வந்து அடுக்கிர்றேன்னு சொல்லிச்சு. இந்நேரம் உள்ளதான் இருக்கும்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அனுசியா சாலையைக் கடந்து கூரையை நோக்கி ஓடத் தொடங்கினாள். தூக்குச்சட்டிகளைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்களும் பின்னாலேயே ஓடினார்கள்.